ஐந்தருவிக்குப் போன ஸ்வெட்டர்

எங்கள் வீட்டு மிக்ஸி எட்டு வருடமாக ஸ்வெட்டர் போட்டிருந்தது. உறை என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்துப் பட்டை, இரண்டு கைத்துளை, முன்னால் நாலு பட்டன் என்று முறையாகப் பின்னிய, கையில்லாத உல்லன் ஸ்வெட்டர். மங்குஸ்தான் பழத்தின் ஊதா நிறம், கழுத்தில் மட்டும் அந்தப் பழத்துக் காம்பின் பச்சை. அது மிக்ஸிக்காகப் பின்னியதும் இல்லை, எனக்காகப் பின்னியது. தென்காசியில் இருந்துகொண்டு நான் அதை எங்கே போட்டுக்கொண்டு போவது? பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போனால் டீச்சருக்குக் காய்ச்சல் என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் மிக்ஸிக்கு மாட்டிவிட்டேன்.

பின்னியவள் உமாராணி. என் அண்ணன் பாண்டிராஜின் மனைவி, முறைக்கு எனக்கு மதினி. இலஞ்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள் என்பதால் எங்களுக்குள் நீ, வா, போதான். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சமையலறைக்குள் வருவாள், மிக்ஸியைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போவாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மதினியின் தையலுக்கு இலஞ்சியில் நல்ல பெயர். அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மூணு வருசத்துக்கு முந்துன உடம்பு. இங்கன வந்து நில்லு, அளந்துக்கிடுதேன்" என்பாள். கோபப்பட்டுக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் தையலுக்குக் கிடைத்த மரியாதையில் கால்பங்கு கூடப் பின்னலுக்குக் கிடைக்கவில்லை. அது அவளுக்குப் பெரிய குறை.

பின்னல் அவளுக்கு ஜலந்தரில் வந்தது. அண்ணன் ராணுவத்தில் இருந்தபோது குடும்பக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். போய் ஒரு வருடத்துக்குள் அண்ணனை மலை உச்சியில் ஏதோ காவல் முனைக்கு அனுப்பிவிட்டார்கள். போன் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு, சில மாதம் அதுவும் கிடையாது. அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணின் கணவரும் அதே முனையில்தான் இருந்தார். இவளுக்கு அவள் பேச்சு புரியாது, அவளுக்கு இவள் பேச்சு புரியாது. இரண்டு பேரும் வெயிலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார்கள். "கை சும்மா இருந்தா மனசு எங்கயெல்லாமோ போயிரும், வேலு. ஊசிய எடுத்தா அடுத்த கண்ணியத்தான் பாக்க முடியும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதைக் கேட்ட பிறகும் நான் ஸ்வெட்டரை மிக்ஸிக்குத்தான் மாட்டி வைத்திருந்தேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

அண்ணன் ஓய்வுபெற்று வந்து பத்து வருடம் ஆகிறது. இப்போது தென்காசியில் ஒரு வங்கியில் காவல் வேலை பார்க்கிறான். மதினி வரும்போது இரண்டு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தாள். ஒன்றில் அண்ணனின் சாமான், இன்னொன்று நிறைய உல்லன் நூல்.

புத்தகம் பார்த்து, போன் பார்த்துப் பின்னுகிற ஆள் இல்லை அவள். கண்ணில் பட்டதையெல்லாம் துணியாகப் பார்ப்பாள். குற்றாலம் போகிற சாலையில் பழக்கடை வைத்திருக்கும் குத்தாலிங்கம் அண்ணாச்சியிடம் போய் ஒரு ரம்புட்டானை எடுத்து, திருப்பித் திருப்பி, வெயிலில் பிடித்து, நிழலில் பிடித்துப் பார்ப்பாள். அவர் இது பேரம் பேசுவதற்கு முன்னேற்பாடு என்று நினைத்துக்கொண்டு, "யம்மா, நீங்க பாக்குத பார்வைக்கே பத்து ரூவா கொறைச்சுட்டேன், எடுத்துட்டுப் போங்க" என்பார். இவள் முள்ளின் நுனிப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பழம் ஒரு மாதம் கழித்து என் மகன் புவனேஷின் தலையில் குல்லாயாக வந்து உட்கார்ந்தது. சிவப்பு நூல், சுற்றிலும் சுருள் சுருளாக முள், நுனியில் பச்சை. மூன்று வயதுப் பிள்ளை அதைப் பழம் என்றே நம்பி உரிக்கப் பார்த்தான்.

ஒரு தடவை என்னைத் தென்காசிப் பெரிய கோயில் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோபுரத்தடியில் ஆளையே தள்ளுகிற காற்று எப்போதும் உண்டு. சாமி கும்பிடத்தான் கூப்பிட்டாள் என்று நான் தேங்காய் பழத்தோடு போனேன். அவள் ஓரமாக நின்று, உள்ளே போகிற பெண்களின் உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து எந்தத் துணியத் தூக்குது, எதை விட்டுருதுன்னு இங்கன நின்னாத்தான் தெரியும். அந்தா போறா பாரு, மஞ்சச் சுடிதார். சைடு வெட்டு ரெண்டு விரல் ஏத்தமா வச்சிட்டான். பாவம், ரெண்டு கையும் அதப் புடிக்கவே சரியாப் போச்சு."

அடுத்த வாரம் எனக்குத் தைத்துக் கொடுத்த சுடிதாரின் ஓர மடிப்புக்குள் கனமான நாடா ஒன்றை வைத்துத் தைத்திருந்தாள். இன்றுவரை எந்தக் காற்றும் அதைத் தூக்கியதில்லை. தையல் என்றால் இப்படி உடனே பலன் தெரியும். பின்னலுக்குத்தான் ஊர் ஒத்துவரவில்லை.

கொடுக்காத ஆள் இல்லை. எங்கள் சிவசைலம் மாமாவுக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். அவர் போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ரசக் கற்பூர உருண்டை போட்டு பீரோவில் வைத்துவிட்டார். ஒரு சித்தி வீட்டில் அது டி.வி. மேலே விரித்திருக்கிறது. இன்னொரு வீட்டில் மழையில் நனைந்த ஆட்டுக்குட்டிக்குப் போட்டார்கள். ஆடு ஒன்றுதான் அதை விருப்பமாகப் போட்டுக்கொண்டது என்று மதினியே சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவள் கண் சிரிக்கவில்லை. அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் ஒரே ஒருத்தர், யாரும் சொல்லாமல், தானாக எடுத்து அவள் பின்னியதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

போன வருடம் புவனேஷுக்குக் காது குத்துவதென்று முடிவானது. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஆனி மாதத்தில், இலஞ்சி முருகன் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்துவது என்று நாள் பார்த்தோம். தாய்மாமன் என்றால் அன்றைக்கு அண்ணன்தான் கதாநாயகன். எல்லாப் போட்டோவிலும் அவன் இருப்பான். அது சாரல் காலம் வேறு, காற்றில் குளிர் இருக்கும். மதினி இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு எதைப் பின்னுவது என்று ஐந்தருவிக்குப் போய், குளிக்காமல், குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அருவியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண் சந்தேகப்பட்டு வந்து, "யாரையும் தேடுதீகளாக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லம்மா. தண்ணி எத்தனை பிரியா விழுதுன்னு பாக்கேன்."

அந்தப் பெண் அதற்குப் பிறகு இவளை விட்டுத் தள்ளி நிற்கவே இல்லையாம்.

வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. பாறை நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர். நெஞ்சின் இடது பக்கத்திலிருந்து ஐந்து வெள்ளைப் பிரிகள் இறங்கி, முறுக்கிக்கொண்டு, பிரிந்து, இடுப்பில் நுரையாகச் சிதறும். நான் ஒவ்வொரு பிரியையும் விரலால் இடுப்பு வரை தடவிப் பார்த்தேன். அண்ணன் போட்டுப் பார்த்தான். அட்டென்ஷனில் நின்றுகொண்டு, "விசேசத்துக்கு இதத்தான் போடுவேன்" என்றான்.

"இதுவும் சரிப்படலன்னா ஊசிய மூட்டை கட்டிருவேன். விளையாட்டுக்குச் சொல்லல" என்றாள் மதினி. அவள் சொன்னால் செய்வாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான், அண்ணனோடு இலஞ்சியில் இருக்கும் எங்கள் அம்மா வடிவம்மாள் வருகிறாள்.

அம்மாவுக்கு வெள்ளைச் சட்டையோ காக்கிச் சட்டையோ, துணி என்றால் கஞ்சி போட்டு விறைப்பாக நிற்க வேண்டும். அண்ணன் ராணுவத்தில் சேர்ந்த புதிதில் விடுமுறைக்கு வந்தபோது, அவனுடைய உள்பனியன் வரை கஞ்சி போட்டு அனுப்பியவள். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால், மருமகள் சாமான் வாங்கத் தென்காசிக்கு வந்திருந்த நேரத்தில், அம்மா கொடியில் தொங்கிய ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கொளகொளவென்று இருந்திருக்கிறது. மகன் நாலு பேர் முன்னால் இப்படித் தொய்ந்துபோன சட்டையோடு நிற்பதா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. சிற்றாற்றுப் படித்துறைக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, கல்லில் ஓங்கி நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி எடுத்து, சுருக்கம் விழாமல் இருக்க நுனியில் இரண்டு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காய்ந்ததும் நாலாக மடித்து, மருமகளுக்கு வேலை மிச்சம் என்ற சந்தோஷத்தில், பெட்டி மேல் வைத்துவிட்டாள்.

விசேஷத்தன்று காலையில் அண்ணன் அதைத் தலைவழியாக மாட்டினான். ஆறடி மனிதனுக்கு அது முட்டியைத் தொட்டது. கைத்துளை இடுப்பு வரை திறந்திருந்தது. கழுத்து இரண்டு தோளையும் தாண்டி வெளியே போய்விட்டது. ஐந்து பிரி அருவி எங்கெங்கோ கிளைபிரிந்து ஓடியது. நான் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், அப்படியே நிறுத்திவிட்டேன்.

"நான் கஞ்சிதானட்டி போட்டேன்" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "சொன்னது சொன்னதுதான். நான் இதையே போட்டுட்டு வாரேன்" என்றான். அவன் நிஜமாகவே அப்படி வந்திருப்பான். எனக்கு அந்த நேரத்தில் என் அண்ணனை ரொம்பப் பிடித்தது.

"வேண்டாங்க. ஊரு சிரிக்கும். கழட்டுங்க" என்றாள் மதினி.

கழற்றியதை வாங்கி மூலையில் வைத்தாள். ஊசிகளைச் சேர்த்து ரப்பர் போட்டாள். பாதியில் நின்ற பின்னல், நூல்கண்டு எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை என் கையில் கொடுத்தாள்.

"நீ வச்சுக்க. நானே கேட்டாலும் குடுக்காத."

நான் அதை என் தாலிச் சங்கிலியில், இரண்டு ஊக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். அது நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. புவனேஷ் மாமன் மடியில் உட்கார்ந்து அவன் மீசையைப் பிடித்துக்கொண்டு கோயிலே அதிர அழுதான். பிறகு வலது காதில் தொங்கியதை ஆட்டிப் பார்த்துச் சிரித்தான். பந்தியில் மதினி எல்லாருக்கும் பரிமாறினாள், கேலி பேசினாள், இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தாள். அவள் அவ்வளவு சாதாரணமாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, மற்றது எதையும் தொடாமல் இலையை மூடிவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் வேன் பிடித்து எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். வெளியூர்ச் சொந்தம் வந்துவிட்டு அருவியில் குளிக்காமல் திரும்பினால் நாங்கள் வரவேற்றதாகவே கணக்கில்லை. ஆண்கள் ஒரு பக்கம் போக, நாங்கள் பெண்கள் பக்கம் போனோம். தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் நினைவில்லை. அம்மாவும் ஓரத்தில் நின்று குளித்தாள்.

குளித்துவிட்டு வெளியே வந்தால்தான் பெண்களுக்குச் சங்கடம். உடுப்பு மாற்றும் அறைக்கு முன்னால் அன்றைக்கு முப்பது பேர் நின்றார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் பாவாடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, துண்டை ஒருத்தி பிடிக்க, காற்று அதைப் பறிக்க, ஒற்றைக் காலில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். சாரல் பக்கவாட்டில் அடித்தது. எழுபது வயது அம்மாவுக்குத் தாடை கிடுகிடுவென்று ஆடியது.

"இன்னும் எவ்வளவு நேரம்ட்டி?" என்றாள். நான் துண்டைத் தேடித் திரும்பியபோது அம்மா வயர் கூடைக்குள் கையை விட்டு அந்த ஸ்வெட்டரை வெளியே எடுத்தாள்.

"இத எதுக்கும்மா இங்க கொண்டாந்த?" என்று கேட்டேன், மதினிக்குக் கேட்காத குரலில்.

"தூரப் போட மனசு வரல. ஒக்காரதுக்காவது ஆவும்னு எடுத்தேன்."

சொல்லிவிட்டு அதைத் தலைவழியாகப் போட்டு, விரிந்துகிடந்த கழுத்தைச் சுருட்டி ஒரு ஊக்கு குத்திக்கொண்டாள். அண்ணனுக்கு முட்டி வரை வந்தது அம்மாவுக்குக் கணுக்கால் வரை வந்தது. கஞ்சி விறைத்திருந்ததால் உடம்பில் ஒட்டாமல், கோழிக்கூடையைக் கவிழ்த்த மாதிரி சுற்றிலும் ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னலின் கண்களையெல்லாம் கஞ்சி அடைத்திருந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கைத்துளையையும் முழங்கையால் உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கூடை குலுங்கியது. நனைந்த சேலை கீழே வந்து விழுந்தது. உலர்ந்த சேலையின் நுனி உள்ளே போனது. யார் உதவியும் இல்லாமல், யாரும் மறைக்காமல், அம்மா முழுசாக உடுத்தி முடித்துவிட்டாள்.

வரிசையில் நின்ற முப்பது பேரும் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முதலில் வந்தாள்.

"பாட்டிம்மா, இது எந்தக் கடையில வாங்குனது? ஒரு நிமிசம் குடுங்களேன், எம் மக மாத்திக்கிடட்டும். நின்னு நின்னு உதடு நீலமாப் போச்சு."

அம்மா கழற்றிக் கொடுத்தாள். மகள் மாற்றி முடித்ததும் அந்த மதுரைப் பெண் போட்டாள். அடுத்து ஒரு புதுப்பெண், அடுத்து எங்கள் சித்தி. டி.வி.க்கு ஸ்வெட்டர் போட்ட அதே சித்திதான். ஏழெட்டுக் கை மாறியிருக்கும். ஒவ்வொருத்தியும் உள்ளே போகும்போது அம்மா பக்கத்தில் நின்று, "கைய மடக்கி ஓட்டைய அடைச்சுக்க தாயி" என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு அவளுக்கே பொறுமை போய்விட்டது.

"போதும், குடுங்கம்மா. எனக்குக் குளுருதுல்லா. எம் மருமவ பின்னுனது" என்று வாங்கி, மறுபடியும் மாட்டிக்கொண்டு, ஈரச் சேலையைப் பிழிந்தாள்.

மதினி படியில் நின்று தலைமுடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு அப்படியே நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குத்தாலிங்கம் அண்ணாச்சி கடையில் ரம்புட்டானைப் பார்க்கும் அதே பார்வை வந்திருந்தது. இறங்கி வந்து அம்மாவை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அத்தை, கொஞ்சம் திரும்புங்க. கையத் தூக்குங்க. குளுருக்கு எப்படி இருக்கு?"

"அருமையா இருக்குட்டி. நான் வீட்டுக்கு இதோடதான் வருவேன். யாரு சிரிச்சா எனக்கென்ன?"

"கஞ்சி எவ்வளவு போட்டீக?"

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "தெரியாமப் போட்டுட்டேன் தாயி" என்றாள்.

"அய்யோ, அளவு கேக்கேன் அத்தை."

"அரைச் சட்டி."

மதினி கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள், விரலால் கண்ணிகளை எண்ணினாள். அருவிச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்டது, பாதி கேட்கவில்லை. "கழுத்தும் தோளும் மட்டும் பருத்தி நூல்ல பின்னணும், இறுக்கமா. கீழ பூரா டர்க்கி டவல் துணி, மிஷின்ல தச்சுக்கிடலாம். கைக்கு ஓட்டை வேண்டாம், மடிப்புக்குள்ள ஒரு வெட்டு போதும். ஓரத்துல அந்த நாடா வச்சா காத்துக்குத் தூக்காது." அவள் கண் கலங்கியிருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. சட்டென்று என் பக்கம் கையை நீட்டினாள்.

"வேலு, சாவியக் குடு."

"நீ கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"ஏட்டி, குடுக்கியா இல்லியா?"

ஈர விரலுக்கு ஊக்கு பிடிபடவில்லை. அவளே என் சங்கிலியைப் பிடித்துச் சாவியைக் கழற்றிக்கொண்டாள்.

இந்த வருடச் சாரலுக்கு, அருவிக்கரையில் உள்ளே நின்று உடுப்பு மாற்றிக்கொள்கிற அந்த அங்கிகள் பதினாறு அவள் கையால் வெளியே போயிருக்கின்றன. மதுரைப் பெண் போனில் கேட்டு இரண்டு வாங்கினாள். ஒன்றில் ரம்புட்டான் முள், ஒன்றில் மங்குஸ்தான் காம்பு, கழுத்துக்குக் கழுத்து வேறு வேறு பின்னல். எல்லாவற்றுக்கும் கஞ்சி போடுவது அம்மாதான். அந்த வேலையை யாரையும் தொட விடுவதில்லை. பாறை நிற ஸ்வெட்டர் அம்மாவிடமே இருக்கிறது. ஆடு அடைக்கப் போகும்போதும் அதைத்தான் மாட்டிக்கொள்கிறாள்.

போன திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து சாரல். நான் மிக்ஸியிலிருந்து கழற்றி வைத்திருந்த என் ஸ்வெட்டரை எடுத்தேன். ஒரு வாரம் முன்பே துவைத்து, படுக்கப் போட்டுக் காயவைத்திருந்தேன். இருந்தாலும் லேசாகச் சட்னி வாசம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், காய்ச்சலா?" என்று கேட்டாள். "இல்லட்டி, குளுருது. எங்க மதினி பின்னுனது" என்றேன்.

சாயங்காலம் இலஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். மிஷினில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டத்தை நிறுத்தி எழுந்து வந்தாள். பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தேன் போல, எல்லாவற்றையும் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். கழுத்துப் பச்சையை நீவிவிட்டாள். கையை உடனே எடுக்கவில்லை.

"மிக்ஸிக்குக் குளுராதாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.